உன் தங்கச்சிக்குக் கிடைத்த பாராட்டு

மெரிலேண்ட்ஸ்,
சிட்னி.

அன்புள்ள மகன் துஷாந்த் அறிவது,

கடவுள் புண்ணியத்தில் நானும் உன் தங்கச்சி வினுஷாவும் மருமகன் அருந்தவனும் பிள்ளைகளும் இங்கே சுகம். நீ அங்கே சுவிஸில், பேர்ணில் சுகமாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டதால் அதை நான் விசாரிக்கவில்லை. வாயால் சொன்னால் ஓம் அம்மா, ஓம் அம்மா என்று அரைக்காதில் கேட்டுவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் தாள் எடுத்து எழுதுகிறேன். வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் சுஜீவாவிடம் கொடுத்து உரத்து வாசிக்கச் சொல். கட்டின மனிசி வாசிக்கக் கேட்டிருக்க உனக்கு வெட்கமாக இருக்கும், இருக்கட்டும்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது, சுவிஸ் வீடு மாதிரி உள்ளுக்குள் சூடு இல்லை, போர்வையைச் சுற்றிக்கொண்டுதான் தேத்தண்ணி குடிக்கிறோம். என் முழங்கால் பழையபடிதான். சொல்ல வந்தது வேறு. வினுஷா தாதியாக இருக்கிற முதியோர் இல்லத்தில், லிட்கம் பக்கம், ஊலி என்று ஒரு சுவிஸ் கிழவர் இருக்கிறார். பேர்ண் ஆள். வாலிபத்தில் இந்த நாட்டுக்கு வந்து இங்கேயே கிழடு தட்டினவர், இரண்டு கண்ணும் தெரியாது. போன மாதம் பாரிசவாதம் வந்து எழும்பினபோது அவருடைய இங்கிலீஷ் துடைத்தெடுத்தது போலப் போய்விட்டது, சின்ன வயதில் கற்றதுதான் மிச்சம். தண்ணீர் கேட்கிறாரோ நோகிறது என்கிறாரோ அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. உன் தங்கச்சி சும்மா இருப்பாளா. அது நான் பிறந்த ஊர்ப் பாஷை, நான் கதைக்கிறேன் என்று முன்னுக்குப் போய் நின்றாள். அதோடும் விடவில்லை, வாங்கோ அம்மா, மனுசன் சந்தோசத்தில அழப்போறார், நீங்களும் வந்து பாருங்கோ என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது, எனக்கு இருக்கிறது. பேர்ணில் பாண் கடைக்குப் போனால், அம்மா நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ, நான் கேக்கிறன் என்பாள் அந்த எட்டு வயதுக்காரி. கடைக்காரி எங்கள் கறுத்த முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் இருக்கிற ஜேர்மன் பாஷையில், அந்த டொச்சில்தான் தொடங்குவாள். வெளியாள் என்று கண்டால் அந்த ஊரில் அப்படித்தான், தங்கள் வீட்டுப் பேச்சை உள்ளே வைத்துக்கொண்டு புத்தக டொச்சைத்தான் எடுத்துத் தருவார்கள். வினுஷா அவர்களுடைய வீட்டுப் பேச்சிலேயே திருப்பிக் கொடுப்பாள், கடைக்காரியும் அதற்கே மாறிவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நானும் அவையளும் ஒண்டுதான் என்று வீட்டுக்கு வந்து பெருமை அடிப்பாள். நீங்கள் இரண்டு பேரும் என் தலைக்கு மேலால் இரகசியம் கதைத்ததும் அந்தப் பேச்சில்தான், அதில் ஒரு சொல் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கோப்பை கழுவின ரெஸ்ரோரண்டிலும் டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் எனக்குக் கிடைத்தது புத்தக டொச் மட்டும்தான். அது எனக்கு நன்றாக விளங்கும்.

கிழவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, வினுஷா கதைக்கத் தொடங்கினாள். நெடுநேரம் கதைத்தாள். அவர் தலையைச் சரித்துக் காது கொடுத்தார். பிறகு பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக, நீங்கள் எங்கள் பாஷையை நல்ல வடிவாகக் கதைக்கிறீர்கள், எந்த நாடு, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. விளங்கின பிறகுதான் உறைத்தது, மனுசன் அவளுக்குப் புத்தக டொச்சில் பதில் சொல்கிறார். அவருக்கு அவள் முகம் தெரியாது தம்பி. கண் இல்லாமலேயே அவளை வெளியாள் என்று பிடித்துவிட்டார்.

அவள் முகம் செத்துப்போனது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பெற்ற தாய் இப்படி எழுதலாமா என்று கேட்பாய். அந்தப் பாராட்டைப் பேர்ணில் இருந்த காலம் முழுக்க வாங்கி வாங்கிப் பல்லைக் காட்டிச் சிரித்தவள் நான், எனக்கு ஒரு கரண்டிச் சீனி கூடாதா. திரும்பி வரும்போது, இனிமேல் நீ வாயைத் திறக்காதை பிள்ளை, அம்மா கேக்கிறன் என்றேன். அவள் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு அழுதாள்.

அவளையும் குறை சொல்ல ஏலாது. மருமகன் யாழ்ப்பாணத்தான், பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில், அந்தப் பேச்சுப் பேச இங்கே அவளுக்கு ஒரு நாய்க்குட்டிகூட இல்லை. பேர்ண்காரர் ஆறுதலாக இழுத்துக் கதைப்பவர்கள், இவள் இந்த ஊர் வேகத்தில் ஓடுகிறாள், ஒவ்வொரு வசனத்தின் வாலையும் கேள்வி கேட்கிற மாதிரி மேலே தூக்குகிறாள், சிட்னியில் எல்லாருக்கும் அந்த வாலாட்டம் இருக்கிறது. கிழவரிடம் போய் வந்த நாளிலிருந்து காரில் பேர்ண் ரேடியோவைப் போட்டு, சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்துக் காரில் இருக்கிறவர்கள் விசர் என்று நினைத்திருப்பார்கள். பிறகுதான், அண்ணாவைக் கேக்கப்போறன் அம்மா, கிழமையில ஒருக்கா என்னோட கதைக்கச் சொல்லி, அவர் கதைச்சா எல்லாம் திரும்பி வந்திடும் என்று உனக்குப் போன் எடுத்தாள்.

உன் மகன் நிதுஷன் மாமி மாதிரி வாலைத் தூக்கிக் கதைத்துக் காட்டினான். அவன் குழந்தை. நீ சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு அவளோடு அன்பாகத்தான் கதைத்தாய், அதையும் சொல்லவேண்டும். அவள் போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். அன்றிலிருந்து காரில் ரேடியோ இல்லை. கிழவரோடும் இப்போது புத்தக டொச்சில்தான் கதைக்கிறாளாம், அவருக்கு அது வசதியாம்.

பிரஷர் குளிசையைத் தவறவிடாதே. சுஜீவாவுக்கும் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். உனக்கு ஆண்டவன் நீண்ட ஆயுளைத் தரட்டும், நிதுஷனும் வளர்ந்து ஒரு தூர தேசத்துக்குப் போய், திரும்பி வந்து உங்கள் பாண் கடையில் வாயைத் திறக்கும்போது கடைக்காரி என்ன பாஷையில் பதில் சொல்கிறாள் என்று பக்கத்தில் நின்று கேட்க அந்த ஆயுள் உனக்கு வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் நீயாக அவளுக்கு எடு. அவள் பிழை விட்டாலும் உங்கள் இரகசியப் பேச்சிலேயே கதை, எனக்கு ஒரு சொல்லும் விளங்கக்கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் போனைச் சத்தமாகப் போட்டிருந்தாள், நான் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டு நின்றேன். நீ சிரித்து முடித்த பிறகு உன் தங்கச்சியோடு கதைத்தது முழுக்க, ஒரு சொல் விடாமல், எனக்கு விளங்கியது.

இப்படிக்கு,
உன் அம்மா
இராஜேஸ்வரி