ஐந்து மணிக் கோடு

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுகிறேன். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது, மற்றபடி சுகம். நீயும் மருமகளும் நன்றாகத்தான் இருப்பீர்கள், போன் செய்தால்தானே தெரியும்.

போன மாதம் என் கரண்டு கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, எட்டு மாதமாக உங்கள் வீட்டில் மின்சாரமே ஓடவில்லை, ஆள் இல்லையென்றால் இணைப்பை எடுத்துவிடலாமா என்று. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். பில் குறைந்ததெல்லாம் என் சிக்கனம் என்று பீற்றிக்கொண்டிருந்தேனே, என் புத்தியை என்ன சொல்ல. அதே வாரம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மகள் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டாள். அந்த அம்மா காலமாகி எட்டு மாதம் ஆகிறது, வீடு பூட்டித்தான் கிடக்கிறது, ஆனால் மகள் இணைப்பை எடுக்கவில்லை. இங்கேதான் அவரவர் இஷ்டப்பட்ட கரண்டு கம்பெனியை வைத்துக்கொள்ளலாமே, அந்த வீட்டுக் கம்பெனி வேறு, அது மணிவாரியாகக் கணக்கைப் போனில் கோடு போட்டுக் காட்டுமாம். தினமும் காலை ஐந்து மணிக்குக் கோடு ஏறுது ஆன்ட்டி, அம்மா எந்திரிச்சு தண்ணி கொதிக்க வைக்கிற நேரம், அதைப் பார்த்துட்டுத்தான் நான் வேலைக்கே கிளம்புறேன், கொஞ்சம் உள்ள போய்ப் பாருங்களேன் என்றாள். சாவி என்னிடம்தான் இருந்தது. போனேன். மெயின் சுவிட்சு அணைத்தே கிடந்தது, தையல் மெஷின் மேல் விரல் பருமன் தூசி. கணக்குப்படி அந்த அம்மா இருக்கிறாள், நான்தான் இல்லை. இரண்டு நாள் கண்ணாடியைப் பார்க்கவே பயமாக இருந்தது, சிரிக்காதே.

கம்பெனிக்குச் சொன்னதும் லைன்மேன் வந்து கீழே மீட்டர் பெட்டியில் தையல்காரம்மா வீட்டுச் சுவிட்சை அணைத்தார், என் வீட்டு ஃபேன் நின்றது. புது மீட்டர் வைத்த அன்று இரண்டு வீட்டு நம்பரையும் மாற்றி ஒட்டிவிட்டார்களாம். எந்தக் கம்பெனிக்குக் கட்டினாலும் வருவது ஒரே கம்பியில்தானாம், மீட்டர் நம்பரை வைத்துத்தான் இன்னாருக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறார்களாம். இருவரும் தனியாள், ஒரே அளவு செலவு, அதனால் யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா கணக்கில் நானும் என் கணக்கில் அந்த அம்மாவும் ஆறு வருஷம் டீ குடித்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாயே வரவில்லை, ஆனால் சொல்லாமல் எப்படி இருப்பது. சொல்லிவிட்டேன். அப்ப அஞ்சு மணிக்கு நீங்களா ஆன்ட்டி என்றாள். ஆமாம்மா, நான்தான் என்றேன். இன்னும் ஒரு வாரம் அப்படியே விட்டுடுங்களேன் என்றாள். லைன்மேனிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தேன். நாளையோடு அந்த வாரம் முடிகிறது. இன்று உடம்பு அசதிதான், ஆனாலும் நாளை ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் வைத்துவிடுவேன், அவளைக் காக்க வைக்க முடியாது.

வேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் எரிந்து விழாதே, இருவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். நாளை மறுநாளிலிருந்து அந்தக் கோடு என் கணக்கில் ஏறும். என் கம்பெனியும் அப்படிப் போனில் காட்டுமாம், அதைப் பார்க்கும் கடவுச்சொல்லைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளைப் போல் தினமும் பார்க்க வேண்டாம். நினைத்தால் பார். ஒரு நாள் ஏறவில்லை என்றால் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருக்காதே, கிளம்பி வா.

இப்படிக்கு,
இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கும் உன் அம்மா