ஒதுக்கப்படும்

ஊத்துக்காட்டுத் தோட்டப் பள்ளிக்கூடம்,
லுணுகலை.
3.3.1982

அடி றஷீ,

நான் நலம். கொழும்புக்காரிக்கு என்ன குறை, நீயும் நலமாகத்தான் இருப்பாய். பொங்கலுக்குப் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. போன வாரம் உங்கள் வாப்பாவைப் பதுளைக் கடைத்தெருவில் கண்டேன். "எங்கட மகளுக்கு எழுத நேரமில்லயாம் கனகம், கந்தோரில அவ்வளவு வேலயாம்" என்று பெருமையாகச் சொன்னார். அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, பயிருக்கு உரம் போடுவது எப்படி என்று பிரசுரம் மொழிபெயர்க்கிறவளுக்கு அவ்வளவு வேலையா என்று கேட்க வாய்வரை வந்தது. பாவம், சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

சரி, சண்டை பிறகு. முதலில் சங்கதியைக் கேள். நாங்கள் ஜெயித்துவிட்டோம்!

ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருக்கும் காட்டைப் பற்றி உனக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன்! அதற்குள்ளே இருக்கும் ஊற்றுத்தான் இங்கே பீலிக் குழாயில் விழுகிற தண்ணீர். குடிக்க, குளிக்க, பிள்ளைக்குக் கஞ்சி வைக்க எல்லாம் அதுதான். அந்த மரங்களின் வேர்தான் மலையைப் பிடித்து வைத்திருக்கிறது. அது போனால் அடுத்த அடைமழைக்கு மண் முழுவதும் லயத்தின் மேல்தான் வந்து விழும். ஊற்றைச் சுற்றி மரம் வெட்டக்கூடாது என்று பழைய சட்டத்தில் இருந்த தடையைத் தளர்த்தப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்த நாளிலிருந்து நானும் மகஜருக்கு மேல் மகஜராக எழுதினேன். "ஊத்துக்காட்டை ஒதுக்கு நிலமாக வைத்திருங்கள்." இதுதான் எங்கள் ஒரே கோரிக்கை.

நேற்று தோட்டத்து ஒப்பீஸ் சுவரில் அரசாங்க அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "ஊத்துக்காட்டுப் பிரிவின் மேற்பகுதியிலுள்ள ஊற்று நிலம், விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இத்தால் ஒதுக்கப்படும்."

ஒதுக்கப்படும்! நாங்கள் கேட்ட அதே சொல்! காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வந்து நின்ற ஆட்களுக்கு நானே உரக்க வாசித்துக் காட்டினேன். தேயிலைக் கொழுந்தெடுக்கிற கருப்பம்மா, ஊற்றைக் காக்கச் சேர்ந்த எங்கள் குழுவுக்குத் தலைவி, என் கன்னத்தைப் பிடித்து, "நல்லா இருப்ப டீச்சரு, எங்க தலைமேல மல விழாம காப்பாத்திட்ட" என்றாள். பள்ளிக்கூடத்திலும் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதிப் பிள்ளைகளைச் சொல்ல வைத்தேன். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பொங்கல்.

ஆட்சேபணை இருந்தால் மார்ச் முடிவதற்குள் எழுதச் சொல்லியிருக்கிறது. ஆட்சேபணை மரம் வெட்டுகிறவன்களுக்குத்தானே இருக்கும்? நன்றாக இருக்கட்டும்!

உன்
கனகு


தெமட்டகொடை,
கொழும்பு.
12.3.82

அன்பின் கனகு,

அல்லாஹ்வின் அருளால் நலம். எழுதாமல் இருந்தது பிழைதான், ஏசாதே. பதுளையில் உம்மாவுக்கு மூட்டுவலி கூடிவிட்டதாம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, பதுளைக் குளிரை நினைத்து ஏங்குகிறேன்.

உன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அந்த அறிவித்தலை லோயர் ஸஹாப்தீனிடம் ஒருதடவை காட்டு. அரசாங்கத் தமிழ் நாம் பேசுகிற தமிழ் இல்லை. ஒரு சொல்லை நாங்கள் ஒரு மாதிரி எடுப்போம், அவர்கள் வேறு மாதிரி எடுப்பார்கள். இந்த மாதம் முடிவதற்குள் காட்டினால் நல்லது.

பெரிதாக எழுத முடியவில்லை. தலையிடி.

உன்
றஷீனா


ஊத்துக்காடு
21.3.82

அடி மகராசி,

இதுவும் ஒரு கடிதமா? தபாற்காரன் மலையேறி வந்த களைப்புக்காவது இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம். தலையிடிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி.

லோயரிடம் காட்ட அதில் என்னடி இருக்கிறது? பதுளையில் நீயும் நானும் ஒரே வாங்கில் இருந்து தமிழ் படித்தவர்கள்தானே. தமிழுக்குப் பரிசு வாங்கினவள் நீ, உன்னைப் பார்த்து எழுதிப் பாஸானவள் நான். ஆட்கள் எல்லாரும் சேர்ந்து நன்றி மகஜர் ஒன்று அனுப்பிவிட்டோம். "எமது வேண்டுகோளின்படி நிலத்தை ஒதுக்கியமைக்கு" என்று நான்தான் எழுதினேன். ஒருத்தர் பாக்கியில்லாமல் கைநாட்டு வைத்தார்கள். கருப்பம்மா மைபட்ட விரலைத் துடைக்காமலே கொழுந்தெடுக்கப் போனாள்.

எனக்கு ஒரு உதவி செய். வழக்கமாக அரசாங்க அறிவித்தலை நாலுதடவை வாசித்தாலும் தலையும் புரியாது, வாலும் புரியாது. இது ஒரே வரி, பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும். இந்த அறிவித்தலை அனுப்பிய காணிக் கந்தோரில் யாரோ நல்ல தமிழ் தெரிந்த ஆள் இருக்கிறார். யார் என்று விசாரித்து, லுணுகலையில் ஒரு டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டாள் என்று சொல்லிவிடு.

உன்
கனகு


ஊத்துக்காடு
9.5.82

றஷீ,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போகட்டும், இப்போது அதற்கெல்லாம் சண்டைபிடிக்கத் தெம்பில்லை.

காட்டை வெட்டுகிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து வாள் சத்தம். பீலியில் செம்மண் தண்ணீர் வருகிறது, பெண்கள் சேலைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறார்கள். ஒப்பந்தம் எடுத்து வெட்ட வந்த கொந்திராத்துக்காரனின் மேற்பார்வையாளனை மறித்துக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு கடதாசியை நீட்டினான். அதிலும் அதே வரிதான். "ஒதுக்கியிருக்குத்தானே டீச்சர், எங்கட முதலாளிக்கு ஒதுக்கியிருக்கு" என்றான்.

ஸஹாப்தீன் ஐயாவிடம் ஓடினேன். அவர் சிங்கள அறிவித்தலை எடுத்து வாசித்தார். ஊற்று நிலத்துக்கு இருந்த பாதுகாப்பு நீக்கப்படுகிறது, குத்தகைக்குக் கொடுக்கப்படும் என்று வெட்டவெளிச்சமாக இருக்கிறதாம். தமிழில் மட்டும்தான் அந்த ஒற்றைச் சொல். காப்பாற்றி வைத்தாலும் ஒதுக்குவதுதான், எவனுக்காவது தூக்கிக் கொடுத்தாலும் ஒதுக்குவதுதான். எனக்கு இரண்டாவது அர்த்தம் தெரியாதா? தெரியும். ரேஷன் சீனியைக்கூட "நமக்கு ஒதுக்கினது" என்றுதானே சொல்கிறோம். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஆட்சேபணைக் காலமும் போய்விட்டது. நாங்கள் அனுப்பிய நன்றி மகஜரைத் தோட்டத்து மக்களின் சம்மதம் என்று பைலில் போட்டு வைத்திருக்கிறார்களாம். அவர்கள் வீட்டுக்கு மேலே மலையை அறுப்பதற்கு அவர்கள் கையாலேயே சம்மதம் வாங்கிக் கொடுத்தவள் நான். வகுப்புக்குள் போகக் கூசுகிறது.

ஒரு வழி இருக்கிறதாம். ஜூன் 5, சனிக்கிழமை, லுணுகலைக் கூட்டுறவுக் கடை மாடியில் காணி அதிகாரிகளின் விசாரணை. இரண்டு மொழியிலும் ஒரே பொருள் இல்லை என்று அந்தத் தமிழை எழுதியவரே வந்து சொன்னால் அறிவித்தல் செல்லாது, வெட்டுவதை நிறுத்தி மறுபடி ஆட்சேபணை கேட்க வேண்டிவரும் என்கிறார் லோயர். வேறு யார் சொன்னாலும், டீச்சருக்குத் தமிழ் விளங்கவில்லை என்று தள்ளிவிடுவார்களாம்.

யாருடி அவன்? நீ அரசாங்கத்தில் இருக்கிறாய், கண்டுபிடி. கால் பிடித்தாவது அழைத்துவா.

கனகு


தெமட்டகொடை
17.5.82

கனகு,

நான்தான்.

ஜனவரியில் என்னைக் காணிப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலை நிரந்தரமான பிறகு சொல்லலாம் என்று உனக்கு எழுதவில்லை. அந்த அறிவித்தலை முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன். பாதுகாப்பு நீக்கப்பட்டுக் குத்தகைக்கு விடப்படும் என்று எழுதினேன். எங்கள் கந்தோர்ப் பெரியவர் கூப்பிட்டு, "இதுக்கு இவ்வளவு நீட்டமா மிஸ்? சுருக்கமா ஒரு சொல்லு இல்லையா, ஒருத்தருக்கும் மனசு நோகாத சொல்லு?" என்றார். எனக்கு உடனே தோன்றிவிட்டது. சொன்னதும், "அச்சா! இதுதான் தமிழ்" என்றார். நாலு பேருக்கு முன்னால் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்து போனது கனகு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பயந்து எழுதவில்லை, பெருமைப்பட்டு எழுதினேன்.

ஊத்துக்காடு என்ற பெயரை எழுதும்போது உன் ஊர் என்று தெரியாதா என்று கேட்பாய். தெரிந்தது. லோயர் யாராவது பார்த்து விளங்கப்படுத்துவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் முதல் கடிதம் வந்தபோது இன்னும் நாள் இருந்தது. "நிறுத்து, அது அப்படி இல்லை" என்று ஒரு தந்தி போதும். லோயரிடம் காட்டு என்று சுற்றிவளைத்து எழுதினேன். எழுதிய ஆளுக்குக் கும்பிடு சொல்லச் சொன்னாயே, அந்தக் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

விசாரணைக்கு வந்து சொல்லச் சொல்வாய். சொன்னால் அடுத்த நாளே வேலை போகும். வாப்பாவின் கடை முன்னைப்போல ஓடவில்லை, வீடு என்னை நம்பித்தான் நடக்கிறது. என்னை விட்டுவிடு என்று கேட்கிறேன். கேட்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

றஷீனா


ஊத்துக்காடு
26.5.82

றஷீனா,

உன் கடிதம் வந்த பிறகு மூன்று நாள் நடந்தது ஒன்றும் நினைவில் இல்லை. எதைச் சமைத்தேன், எதைப் படிப்பித்தேன் என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை லயத்து முற்றத்தில் எல்லாரையும் கூட்டி உள்ளதைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. கருப்பம்மா கேட்டாள்: "இப்படி எழுதுனது யாரு டீச்சரு? அந்த ஆளுக்குப் புள்ளகுட்டி இல்லியா?" யாரென்று தெரியாது என்றேன். தப்பாக வாசித்தது நான், என் பிழை என்றேன். ஒருத்தராவது என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "விடுங்க டீச்சரு, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?" என்று அவர்களே எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். கலங்கல் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி.

உன்மேல் இரக்கப்பட்டு மறைத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. என் சிநேகிதி செய்தாள் என்று அந்தச் சனங்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான். உன் கடிதத்தை லோயரிடம் காட்டலாமா என்றும் நினைத்தேன். முடியவில்லை. அதை அடுப்பில் போட்டுவிட்டேன்.

வேலை போனால் கஷ்டம்தான், எனக்கும் தெரியும். இங்கே மலை சரிந்து வந்தால் லயம் போகும். சனிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. நீ வந்தால் பேசு. வராவிட்டால் முற்றத்தில் சொன்னதையே அங்கேயும் சொல்வேன். வாவென்று கெஞ்ச மாட்டேன்.

கனகம்


தெமட்டகொடை
8.6.82

கனகு,

நான் வந்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு மெயில் ரயிலில் வந்து, பதுளையில் இறங்கி, வீட்டுக்கும் போகாமல் லுணுகலைக்கு பஸ் ஏறினேன். சொல்லிவிடுவதென்றுதான் வந்தேன், நம்பு. ரயிலிலேயே சிங்களத்தையும் தமிழையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்தும் வைத்துக்கொண்டேன்.

கூட்டுறவுக் கடைக்கு வந்தபோது விசாரணை தொடங்கிவிட்டது. மரப்படி ஏறக் கால் வைத்தேன். மேலே இருந்து உன் குரல் கேட்டது. "பிழை என்னுடையது. வாசித்துச் சொன்னது நான். இந்தச் சனங்களுக்கு ஒன்றும் தெரியாது." யாரோ அதிகாரி, "தமிழ் படிப்பிக்கிற டீச்சருக்கே தமிழ் விளங்கயில்லையா?" என்று கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். அப்போதாவது ஏறியிருக்க வேண்டும். இன்னும் ஏழெட்டுப் படிதான். உன் முகத்தைப் பார்க்க நேருமே என்று நினைத்ததும் கால் வரவில்லை.

நீங்கள் எல்லாரும் இறங்குவதற்கு முன்னால் ஒரு அம்மா மட்டும் படியிறங்கி வந்தாள். ஒடிசலான உடம்பு, தலையில் கொங்காணிச் சாக்கு. கருப்பம்மாவாகத்தான் இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "யாரும்மா நீங்க? எங்க டீச்சரப் பாக்க வந்தீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"மழ வரப்போவுது, இப்படி உள்ள வந்து நில்லுங்க. பதுள பஸ்சு இப்ப வந்துரும்" என்று என் கையைப் பிடித்து நனையாத பக்கம் நிறுத்திவிட்டு, உனக்காக மறுபடி மேலே ஏறிப் போனாள்.

பஸ் வந்தது. நான் அந்தத் தாளோடேயே ஏறிவிட்டேன்.

றஷீனா