ஆள் ஏறுன வண்டிக்குத்தான் கதவு

இன்று காலை கிரைண்டரை வைத்ததும் பெயிண்டுக்கு அடியில் பூசுகிற பட்டி எரிகிற நாற்றம் ஷெட் முழுக்க அடித்தது. வண்டி எது என்று கேட்பாய். ஆனைக்குட்டத்து மாமாவின் அந்தக் கறுப்பு பிளசர் கார்தான். பதினோரு வருஷம் கழித்து நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. இடது பின்கதவின் ஓரத்தில் விரல் தடிமனுக்குப் பட்டியை அப்பி வைத்திருக்கிறார்கள். பெயிண்ட் பாளம் பாளமாக வெடித்துப்போய்க் கிடக்கிறது. பட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு பார்த்தால், கதவுக்கும் பாடிக்கும் நடுவே மேலே சுண்டுவிரல் போகிறது, கீழே ஒரு தாள்கூடப் போகவில்லை. நீ இருந்திருந்தால் அந்த வேலையைச் செய்தவனைத் தேடிப் போய்த் திட்டியிருப்பாய்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு ஐப்பசி கழிந்துவிட்டது. விருதுநகர் பைபாஸ் ஓரம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட ஷெட்டில் இப்போது நான் மட்டும் டிங்கர் வேலை பார்க்கிறேன். நெஞ்சுவலி என்று நீ உட்கார்ந்த ஸ்டூலை யாரும் நகர்த்தவில்லை. நகர்த்தினால் எனக்குக் கோபம் வருகிறது. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபம்தான்.

கதவு இடைவெளி பார்ப்பதில் உன்னைப் போல ஒரு பிடிவாதக்காரனை நான் கண்டதில்லை. இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதவைச் சுற்றி மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போவாய். எங்கேயாவது சிக்கினாலோ, ஆடினாலோ மறுபடி முதலிலிருந்து. பாடிக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு தகட்டைச் சொருகுவாய், கீலைத் தளர்த்துவாய், மறுபடி தீக்குச்சி. மற்ற ஷெட்டுகளில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, வெறும் கூட்டுக்குக் கதவு மாட்டிவிடுவார்கள். பார்க்க அம்சமாக இருக்கும். இஞ்சின் வைத்து, கண்ணாடி மாட்டி, சக்கரத்தில் நிறுத்தி, நாலு பேர் ஏறினதும் பாடி தொய்ந்து இடைவெளி பல்லிளிக்கும். நீ எல்லாவற்றையும் மாட்டின பிறகு ஆளையும் ஏற்றித்தான் பார்ப்பாய். "ஆள் ஏறுன வண்டிக்குத்தான் கதவு வைக்கணும்லே" என்பாய்.

அன்றைக்கும் அதைத்தான் செய்தாய். உன் மனைவி, அவள் தங்கை, உன் மச்சான், மச்சான் பெண்டாட்டி, நாலு பேரும் டவுனில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு உன்னைப் பார்க்க ஷெட்டுக்கு வந்தார்கள். விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். அன்று லீவு. பெண்கள் குளித்து, பட்டுக்கரைச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார்கள். "நல்ல நேரத்துக்கு வந்தீக. ஏறி உக்காருங்க" என்று பிளசரின் கதவைத் திறந்துவிட்டாய். முன்னால் மச்சான், பின்னால் மூன்று பெண்கள். உன் மனைவி ராணி மாதிரி கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, "எந்த ஊருக்குப் போவோம்?" என்று கேட்டாள். நீ குனிந்து தீக்குச்சியை இழுத்துக்கொண்டே, "குத்தாலம்" என்றாய். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமா வந்தார்.

எனக்கு முறைக்கு மாமா. அந்த வண்டியே என்னை நம்பித்தான் வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தார்.

"எவம்லே இவுகளை உள்ள ஏறச் சொன்னது?"

"வெயிட்டுக்கு மொதலாளி. கேப் பாக்கணும்ல."

"வெயிட்டுக்கா? விருதுநகர்ல உளுந்து மூட்டைக்கா பஞ்சம்? மருந்துக் கையோட வந்து சீட்டுல உக்காந்திருக்காக. ஒட்டுனா போகுமா? எறங்கச் சொல்லு மொதல்ல."

வெடிமருந்தாம்! மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்த கையில் என்ன மருந்து? அவர் வீட்டுத் தீபாவளிக்கு வாசல் நிறைய வெடிக்கிற சரத்தை அந்தக் கைகள்தான் பின்னின. வெடி வேண்டும், வெடி செய்த கை சீட்டில் படக் கூடாது. மருந்து என்று அவர் எதைச் சொன்னார் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். நீ முகம் மாறாமல், "எறங்குங்க, கேப் பாத்தாச்சு" என்றாய். பாதிக் கதவுகூடப் பார்க்கவில்லை. மறுநாளே லாரி வந்து வண்டியை மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போனது. அங்கேதான் இந்தப் பட்டி.

மாமா இப்போது இல்லை. போன வாரம் அவர் மகன் வந்தான். படித்தவன், மரியாதையாகப் பேசுகிறவன். பழைய கார்கள் ஊர்வலத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டுமாம். உன் முறையைச் சொன்னேன். "மணல் மூட்டை நாலு அனுப்புறேண்ணே" என்றான். மூட்டை ஏறி இறங்காது, கதவைச் சாத்தாது, ஓரமாகச் சாயாது, ஆள்தான் வேண்டும் என்றேன். "யாரு?" என்றான். உன் பெயரைச் சொல்லி, உன் வீட்டு ஆட்கள் என்றேன். கொஞ்ச நேரம் செல்போனைப் பார்த்தான். பிறகு, "அப்ப சீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுக்கோங்கண்ணே, அம்புட்டுத்தான்" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அப்பன் கத்திச் சொன்னதை மகன் சிரித்துச் சொல்கிறான், வேறென்ன? கவர் போட மாட்டேன், இஷ்டமில்லை என்றால் லாரியைக் கொண்டு வந்து இப்போதே ஏற்றிக்கொள் என்று சத்தம் போட்டேன். பக்கத்து லேத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவனுக்கு ஊர்வலம் முக்கியம். சரி என்று போய்விட்டான்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இன்று மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன், நான் போட்ட சத்தம் உட்பட. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வந்து உட்கார வேண்டும் என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நாங்க வாசல் கேட்டுக்கிட்டப் போயித் திரும்பிப் பாத்தோம்ணே. நீங்க வேஸ்ட் துணிய எடுத்து அந்தச் சீட்டத் துடைச்சுக்கிட்டு இருந்தீக."

துடைத்தேன். மாமா கண்ணைக் காட்டினார், துடைத்தேன். உன் மனைவி உட்கார்ந்த இடத்தை, அவள் தங்கை உட்கார்ந்த இடத்தை. நீ அந்தப் பக்கம் குனிந்து கீலை முடுக்கிக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"அவுகளுந்தான் பாத்தாக" என்றாள் அவள். "கேக்க வேணாம்னு சொல்லிட்டாக."

பத்து வருஷம்லே! அதற்குப் பிறகு பத்து வருஷம் என் தூக்குச்சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டாய். என் மகள் கல்யாணத்தில் பந்தி பார்த்தாய். மாமாவை நான் திட்டும்போதெல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே. யாரைக் காப்பாற்றினாய்? என்னையா, நம் ஷெட்டையா? உன் மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை. அதற்கு எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரிகிறது, அதனால் இன்னும் கோபம் வருகிறது.

எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். உன் மனைவி பின்னாலேயே வந்தாள்.

"ஞாயித்துக்கெழமை வாரோம்ணே. துடைக்கணும்னா இந்தத் தடவ நாங்க போற வரைக்கும் காத்திருக்க வேணாம். எங்க முன்னாடியே துடைங்க."

நீ கேட்காமல் விட்டதை அவள் கேட்டுவிட்டாள். பஸ் ஏறி ஷெட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.