கவிழ்த்து வைத்த டம்ளர்

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சமையல் மேடைக்கு அடியில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. உன் புது நம்பர் எங்களிடம் இல்லை. தொழிற்சாலை விலாசம் மட்டும் தெரியும். காலையில் பால் வண்டிக்காரரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்வேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

இளம் விவசாயிகளுக்கான மானியம் கிடைக்கும் என்றுதான் அப்பா நிலத்தை உன் பேருக்கு மாற்றினார். யார் பேரில் நிலமோ அவரே அதில் பாடுபட வேண்டும் என்பது விதி. நீ கோபித்துக்கொண்டு போனதை அப்பா அலுவலகத்தில் சொல்லவே இல்லை. மானியம் வந்துகொண்டே இருந்தது. விதை, டீசல், என் பள்ளிக்கூட பஸ், எல்லாம் அதில்தான்.

நேற்று வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா ஆய்வுக்கு வந்தார். அப்பா நம் டிராக்டர் டிரைவருக்கு உன் நீலச் சட்டையைப் போட்டுவிட்டு, "ஒரு மணி நேரம் என் மகனா இருடா, புண்ணியமாப் போகும்" என்றார். அவர், "உங்க மகனா இருக்க உங்க மகனாலயே முடியலையே முதலாளி" என்றார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

வயலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா உன் பேரைச் சொல்லி, "டீ எடுத்துக்கப்பா" என்று டிரைவரிடம் நீட்டினாள். நீ போன பிறகு அவள் வாயில் உன் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. தட்டில் டீ சிந்தியது.

டிரைவர் குடித்தார். குடித்ததும் எழுந்து வெளியே போய், குழாயடியில் டம்ளரைக் கழுவி, சுவர்மேல் கவிழ்த்து வைத்தார். நம் வீட்டில் வேலைக்கு வருபவர்கள் தினமும் செய்வதுதானே, கை தானாகச் செய்துவிட்டது. நம் வீட்டில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை.

அதிகாரி அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "பரவாயில்லையே! எங்க வீட்லயும் ஒருத்தன் இருக்கான், சாப்பிட்ட தட்டைத் தாண்டித்தான் போவான்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாப்பா, இவரு உன் கூடப்பிறந்த அண்ணன்தானே?" என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். நான் தலையாட்டிவிட்டேன். அவர் எதுவும் எழுதவில்லை. "அடுத்த வாரக் கடைசியில மகனோட ஆபீசுக்கு வாங்க, கைரேகை வைக்கணும். பாப்பாவும் வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணா, டிரைவர் கைரேகை உன்னுடையதோடு ஒத்துப்போகாதே. இன்னொரு முறை கேட்டால் என்ன சொல்வேன்? டிரைவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். "சின்ன முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாமே" என்று அவர்தான் கெஞ்சினார். "அவன் கால்ல விழறதுக்கு ஜெயிலுக்கே போறேன்" என்று அப்பா கத்தினார். கத்தினவர் இன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் முழுக்க மோட்டார் கொட்டகையில், ஓடாத உன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உன்னைப் பொய் சொல்ல வரச் சொல்லவில்லை. நிலம் வேண்டாம் என்றால் அதை ஆபீசில் நீயே சொல். மானியம் நின்றால் நிற்கட்டும், நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறேன். ஆனால் நீ வந்து சொல்.

வந்தால் வாசலில் நின்று கூப்பிடாதே, நேராக உள்ளே வா. அம்மா டீ கொடுப்பாள். குடித்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போ. நான் கழுவிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் எலிக்குஞ்சு