சாமிக்குப் படைத்த சோறு

மே 16, வெள்ளி

தேயிலைத் தோட்டத்தில் வேலை இல்லை. மாவு டப்பாவும் காலி. "ஆண்டவரே, பிள்ளைக்கு இன்னைக்கு ஒரு வேளையாவது குடுங்க" என்று காலையில் முழங்காலிட்டுக் கேட்டேன்.

மத்தியானம் பக்கத்து வீட்டு செல்வி அக்கா கோயில் திருவிழாச் சோறு வாளி நிறையக் கொண்டுவந்தார். சாமிக்குப் படைத்ததைத் தொடக்கூடாது என்பது எங்கள் சபை வழக்கம்.

"வேணாங்கக்கா, இப்பதான் சாப்பிட்டோம்" என்றேன். அக்கா மூட்டாத அடுப்பைப் பார்த்துவிட்டு, வாளியோடு திரும்பிப் போனார்.

ராத்திரி மகள் மேரி வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தாள். "நாளைக்கும் ஜெபம் பண்ணுவீங்களாம்மா?"

"பண்ணுவேன்."

"அப்ப, யாருகிட்ட குடுத்து அனுப்பணும்னும் சொல்லிருங்க."

இப்போது முழங்காலிட்டேன். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வாளியைக் கழுவும் சத்தம்தான் கேட்டது.