சமையலறைச் சுவரில் க்ரீ எழுத்து

இன்று பாலக்கோடு மார்க்கெட் அருகே பஸ் நின்றபோது நசுங்கிய தக்காளியின் புளித்த நாற்றம் உள்ளே ஏறியது. அங்கே உன் புருஷன் டெம்போவில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். ஜாமீனில் வந்தவன், யாரிடமோ பேசிச் சிரிக்கிறான்டி! இறங்கிப் போய் அந்த வாயைக் கிழிக்கக் கை பரபரத்தது.

கனடாவின் வடக்கே சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் உனக்கு நர்ஸ் வேலை கிடைத்தபோது, அங்குள்ள பூர்வகுடிப் பெரியவர்கள் க்ரீ மொழிதான் பேசுவார்கள் என்றார்கள். இங்கிலீஷ் போதுமே என்றேன். "அவங்க வூட்டுக்குப் போறேன், அவங்க பேச்சு தெரியாம போறதா?" என்றாய்.

நம் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ ஆற ஆறச் செல்போனில் பாடம் கேட்பாய். "சமவெளில இருக்கற க்ரீக்காரங்க 'நான்'னு சொல்ல 'நீயா'ங்கறாங்க. நான் போற சதுப்புநிலத்துல 'நீனா'வாம். நம்ம வூடு, வீடு கணக்குத்தான்!" எழுத்து அதைவிட வேடிக்கை. ஒரே முக்கோணம்தான், அது பார்க்கும் திசை மாறினால் ஒலி மாறும். "திரும்புன பக்கம் ஒரு பேச்சு, எங்க மாமியா மாதிரி," என்று நக்கலடித்தாய்.

விசா வந்ததும் அவன் உன் செல்போனைத் துவைக்கிற கல்லில் அடித்து நொறுக்கினான். "பொண்டாட்டிய அனுப்பிட்டு நான் பொங்கித் திங்கவா?" நீ அடங்கவில்லை. சமையலறைச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதிவைத்து, குழம்பு கொதிக்கிற நேரத்தில் மனப்பாடம் செய்தாய். அந்த நாட்களில்தான் அவனுடைய தக்காளித் தோட்டம் முழுக்க இலை சுருண்டு காய்ந்தது.

உன்னைக் கனடாவுக்கு வழியனுப்ப நான் வந்த காலையில் உன் மாமியார் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, முக்கோணம் முக்கோணமா எந்திரம் போட்டு வெச்சிருக்காளே! எம்பையன் காட்டுக்குச் செய்வினை வெச்சிட்டாளே!"

"எழுத்துங்க... அது வெறும் எழுத்துங்க!" என்று கதறினாய்.

தக்காளிச் செடிக்கு முட்டாக நடும் சவுக்குக் கம்பை உன் புருஷன் எடுத்து வந்தான். முதல் அடி உன் மண்டையில் தேங்காய் உடைவதுபோலக் கேட்டது. நான் பாய்ந்து அவன் முழங்கையைக் கடித்தேன். என் வாயெல்லாம் அவன் ரத்தம். உதறிய வேகத்தில் என் மணிக்கட்டு முறிந்தது. அடுத்த அடிக்கு நீ கத்தவில்லை. இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தும், உன் மண்டையிலிருந்து ஓடிய ரத்தத்தை என்னால் நிறுத்த முடியவில்லை; என் மடியிலேயே உயிரை விட்டாய்.

மாமியார் சாணியைக் குழைத்துச் சுவரை அழிக்க வந்தாள். முறியாத கையால் அதற்குள் போட்டோ எடுத்துவிட்டேன். பிறகு உன்னைத் திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் நீ கேட்ட பாடங்களையே செல்போனில் கேட்டு, அந்தப் பாழாய்ப்போன முக்கோணங்களை நானும் படித்தேன்.

போன வாரம் கோர்ட்டில் அவன் வக்கீல் அந்தப் போட்டோவை நீட்டினார். "இது செய்வினை இல்லைன்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"படிச்சிக் காட்டறேங்க."

திக்கித் திக்கிப் படித்தேன். நீதிபதி அர்த்தம் கேட்டார்.

"எங்கே வலிக்குது? பயப்படாதீங்க, நான் இருக்கேன். அவ்வளவுதாங்க ஐயா."

உன் மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. என் கொதிப்பும் அடங்கவில்லை. ஆனால் வார்டில் யாராவது வலியில் துடித்தால், ஓடிப்போய் முதலில் க்ரீயில்தான் கேட்டுவிடுகிறேன்; அப்புறம்தான் எனக்குத் தமிழ் வருகிறது.