தாளில் 332, மாடலில் 320

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் சித்தூர் வீட்டிலிருந்து திருப்பதி ஆபீஸ் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கால் கடுத்துப்போனாலும் நல்ல நாள்தான். மாம்பழக்கூழ் எந்திரத்தின் வரைபடங்கள் பட்டறைக்குப் போய்விட்டன. மே மாதம் பழம் வருவதற்குள் எந்திரம் ஓட வேண்டும்.

என் ஜூனியர் தேவசேனாவுக்கு இந்த முப்பதாம் தேதியோடு ஆறு மாதப் பயிற்சி முடிகிறது. அவளை நிரந்தரமாக்கலாமா என்று நான்தான் எழுதித் தர வேண்டும். நன்றாகத்தான் வரைகிறாள். வாய்தான் இல்லை. கேட்டால் தலையாட்டுவாள், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

ஏப்ரல் 8

தேவசேனா கொண்டுவந்த தக்காளித் தொக்கில் பாதியை நானே தின்றுவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பட்டறையிலிருந்து போன். மோட்டார் தகட்டில் உட்காரவில்லையாம். ஓட்டைகள் பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன. எட்டுத் தகடும் வீண்.

தாளில் 332 என்று இருக்கிறது, லேசர் வெட்டியதோ 320. உடனே புரிந்துவிட்டது. யாரோ கணினியில் முப்பரிமாண மாடலை மாற்றாமல், அதே கோப்பிலுள்ள வரைபடத் தாளில் எண்ணை மட்டும் கையால் அடித்திருக்கிறார்கள். லேசர் தாளைப் படிக்காது, மாடலைப் பார்த்துத்தான் வெட்டும். இதைச் செய்யாதே என்று சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறோம்.

கோப்பைக் கடைசியாக அனுப்பியவள் தேவசேனா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எல்லார் எதிரிலும் கேட்டேன்: "இன்னா வேல பண்ணி வச்சிருக்க? கண்ண எங்க வச்சுக்கினு இருந்த?" அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் மேனேஜர் கிளாட்வின் சார் கூப்பிட்டார். "லோயிஸ், அந்தப் பொண்ணோட ரிப்போர்ட்ட நல்லா யோசிச்சு எழுது" என்றார்.

ஏப்ரல் 12, சனி

அவள் லீவு. நானே திருத்திவிடலாம் என்று கோப்பைத் திறந்தேன். யார், எப்போது மாற்றினார்கள் என்ற பட்டியலும் கூடவே திறந்தது.

மார்ச் 21, மாலை 4.40. லோயிஸ்.

நான்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால ஜெபக்கூட்டம். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மோட்டார் கம்பெனி அப்போது பார்த்து அளவை மாற்றி அனுப்பியது. மாடலைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தாளில் அடித்துவிட்டு ஓடினேன். திங்கட்கிழமை மறந்தும் போனேன். சீ.

இந்தப் பட்டியலை யாரும் பார்க்கப் போவதில்லை. கிளாட்வின் சாருக்குக் கோப்பைத் திறக்கவே பொறுமை கிடையாது. பேசாமல் இருந்துவிட்டால்?

எழுதும்போதே கை கூசுகிறது. பதினாறு வருஷம் சம்பாதிச்ச பேரு, சரி. அதுக்காக ஒரு பொண்ணு வேலய வுட்டுட்டு வீட்டுக்குப் போவணுமா?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பிரசங்கம் காதில் விழவே இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆபீஸ் தொறந்ததும் போய் சொல்லிடு. நீ பொரண்டு பொரண்டு படுத்தா எனக்கும் தூக்கம் இல்ல" என்றார். இவரிடம் போய் ஆறுதல் தேடினேன் பார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று அம்பேத்கர் ஜெயந்தி லீவு. இன்று டீ நேரத்தில், அன்றைக்கு இருந்த அதே ஆட்கள் எதிரில் சொல்லிவிட்டேன். "அந்த 332 நான் அடிச்சது. தேவசேனா மேல தப்பில்ல. அவளத் திட்டினதும் தப்பு."

கிளாட்வின் சார் முகம் கறுத்துவிட்டது. "நீயா, லோயிஸ்?" என்றார். அந்த ஒரு கேள்வி போதும். தகடுகளை மறுபடி வெட்ட நாலு நாள்தான் ஆகும், பிழைத்தோம். ஆனால் இனிமேல் என் வரைபடங்களையும் இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டுமாம். தேவசேனா பார்க்கட்டும் என்று நானே சொன்னேன்.

பிறகு அவளைத் தனியாகப் பிடித்தேன். "ஒனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே பட்டியலப் பார்த்துட்டேங்க்கா."

"அப்புறம் ஏண்டி வாயத் தொறக்கல?"

"எல்லாரும் பார்த்துக்கினு இருந்தாங்க. அவங்க எதிர்ல உங்களப் போயி எப்டிக்கா..."

எனக்கு மறுபடி அவள் மேலேயே கோபம் வந்தது. என் புத்தி அப்படி. "வேல போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"எங்க ஊரு நகரியில நைனா தறி ஓட்டிக்கினுதான இருக்குது. நானும் போய் நின்னிருப்பேன்."

சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 22

ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. ஒரே வரி: இவளை விட்டுவிடாதீர்கள்.

மே 6, செவ்வாய்

எந்திரம் நேற்றிலிருந்து ஓடுகிறது. தேவசேனாவுக்கு ஆர்டர் வந்து ஒரு வாரம் ஆகிறது.

இன்று காலை புது கன்வேயரைப் பார்க்க வெளியாட்கள் இரண்டு பேர் வந்தார்கள். கிளாட்வின் சாரும் கூட நின்றார். நான் மாடலைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"அக்கா, அந்தத் தாங்கி வச்ச எடம் தப்பு. பெல்ட்டக் கழட்டணும்னா கை உள்ள போவாது."

சரியாகத்தான் இருக்கிறது என்றேன். இல்லை என்றாள். கால் மணி நேரம் சண்டை, வந்தவர்கள் முன்னாலேயே. விடவே இல்லை அவள். கடைசியில் மாடலைக் கவிழ்த்துப் பார்த்தேன். கை போகாதுதான்.

மானம் கப்பலேறிவிட்டது. பஸ்ஸில் சித்தூர் வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.